வழிகாட்டி இல்லாமல் மேகாலயக் குகைக்குள் போகலாமா?

கேள்வி, நவம்பர் 2, மாலை 6.10

ஜனவரியில் நாங்கள் மூன்று பேர் சோரா (சிரபுஞ்சி) போகிறோம். மாவ்ஸ்மாய் குகையில் லைட் போட்டு வைத்திருக்கிறார்கள், கூட்டம் வேறு, அது வேண்டாம். க்ரெம் மாவ்ம்லூ, இல்லாவிட்டால் ஜைந்தியா மலைப்பக்கம் ஆளில்லாத குகை ஏதாவது. கைடு வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டோம். மூவருக்கும் மலையேறிப் பழக்கம் உண்டு. ஆளுக்கொரு டார்ச், போனில் ஆஃப்லைன் மேப், 50 அடி நைலான் கயிறு இருக்கிறது. வேறு என்ன எடுத்துக்கொள்ள வேண்டும்?

நவம்பர் 2, இரவு 9.40

இருப்பதைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன்.

மூன்று பேர் போதாது, நான்கு பேர் வேண்டும். ஒருவருக்குக் கால் பிசகினால் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும், உதவி தேடி வெளியே போவது இரண்டு பேராக இருக்க வேண்டும். மூன்று பேர் என்றால் ஒருவர் தன்னந்தனியாக இருட்டில் வழி தேடி வருவார். அவரும் விழுந்தால் உள்ளே இருக்கும் இருவருக்கும் அது தெரியவே தெரியாது.

ஆளுக்கொரு டார்ச் அல்ல, ஆளுக்கு மூன்று விளக்கு. மேப் வாசல் வரைக்கும்தான் உதவும். பாறைக்கு அடியில் ஜிபிஎஸ் சிக்னலும் இல்லை, போன் சிக்னலும் இல்லை.

கயிற்றை ஊரிலேயே வைத்துவிட்டு வாருங்கள். கையில் கயிறு இருந்தால் ஏற முடியாத இடத்தில்கூட இறங்கிவிடத் தோன்றும். ஈரச் சேறு பட்ட நைலான் கயிற்றைப் பிடித்துக் கைபலத்தில் 3 மீட்டர் ஏறுவது பெரும்பாலானவர்களால் ஆகாத காரியம். இறங்குகிற இடத்தில் கயிறில்லாமல் திரும்ப ஏற முடியுமா என்று பார்த்துவிட்டு இறங்குங்கள். முடியாது என்று பட்டால் அன்றைய குகை அங்கே முடிந்தது.

கைடு விஷயத்துக்கு வருவோம். வழி காட்டுவது அவர் செய்யும் வேலைகளில் ஒன்றுதான். எந்தக் குகையில் எந்த மாதம் தண்ணீர் ஏறும் என்பது அவருக்குத் தெரியும். ஊர்க்காரர்களிடம் சொல்லிவைப்பதும் அவரே. சாயங்காலம் அவர் வீடு திரும்பாவிட்டால் ஊரே தேடிக்கொண்டு வரும். வழி, விளக்கு, தண்ணீர் பற்றிய அறிவு இதையெல்லாம் நீங்கள் படித்தும் பழகியும் ஓரளவு ஈடுகட்டலாம். ஊர் தேடிக்கொண்டு வருவதை மட்டும் உள்ளே போகிற யாராலும் ஈடுகட்ட முடியாது. அதற்கு வெளியே ஓர் ஆள் வேண்டும். இதைத் தனியாக எழுதுகிறேன்.

நவம்பர் 2, இரவு 10.05

விட்டுப்போனது. மேகாலயாவில் டிசம்பர், ஜனவரியில் மாலை நாலரை, ஐந்து மணிக்குள் சூரியன் மறைந்துவிடும். சென்னை நினைப்பில் ஆறு மணி வரை வெளிச்சம் இருக்கும் என்று கணக்குப் போடாதீர்கள். குகையிலிருந்து பகல் 2 மணிக்கு வெளியே வரும்படி திட்டமிட்டால்தான் வாசலிலிருந்து ரோடு வரை காட்டுவழியை வெளிச்சத்தில் நடக்கலாம். குகைக்குப் போகிறவர்கள் சறுக்கி விழுவது பல நேரம் குகைக்கு வெளியே, களைத்துப்போய் இறங்கும் அந்தக் கடைசி அரை மணி நேரத்தில்தான்.

நவம்பர் 3, காலை 7.20

விளக்கு.

முதல் விளக்கு ஹெல்மெட்டில் பொருத்திய ஹெட்லேம்ப். இரண்டாவதும் ஹெட்லேம்ப்பாக இருக்கட்டும், கழுத்தில் தொங்கட்டும். மூன்றாவது சின்னக் கைடார்ச், பேன்ட் பையில் கயிறு கட்டி. மூன்றையும் ஒரே பையில் வைத்தால் அது ஒரே விளக்குக்குச் சமம். பை தண்ணீரில் போனால் மூன்றும் போச்சு.

பெட்டியில் 'ஓடும் நேரம் 60 மணி' என்று போட்டிருப்பதை நம்பாதீர்கள். மங்கலான நிலையில், கடைசியில் மினுக்கிக்கொண்டிருக்கும் நேரத்தையும் சேர்த்துச் சொல்வது அது. கணக்கு எளிது. 800 எம்ஏஹெச் ரீசார்ஜ் ஏஏஏ பேட்டரி மூன்று போட்டால் மொத்தம் சுமார் 2.9 வாட்-மணி. 100 லூமென் வெளிச்சத்துக்குத் தோராயமாக 1 வாட் தேவை. ஆகவே மூன்று மணி நேரம்கூட முழுசாக வராது. 3000 எம்ஏஹெச் 18650 பேட்டரி (தடித்த லித்தியம் பேட்டரி) ஒன்று என்றால் 10.8 வாட்-மணி, அதே வெளிச்சம் பத்து மணி நேரம் வரும். 18650 போடுகிற ஹெட்லேம்ப் வாங்குவது இந்தக் காரணத்தால்தான்.

கையிருப்பில் மூன்றில் ஒரு பங்கு உள்ளே போக, ஒரு பங்கு திரும்ப, மீதி ஒரு பங்கு தொடாமல் இருப்பு. பேட்டரி, தண்ணீர், சாப்பாடு எல்லாவற்றுக்கும் இதே கணக்கு.

இன்னொன்று. குகைக்குள் காற்று ஈரமாக இருக்கும், மூச்சு விட்டால் ஆவி பறக்கும். நெற்றி விளக்கு அந்த ஆவியில் பட்டுக் கண்ணெதிரே வெள்ளைப் புகையாக நிற்கும். வெளிச்சத்தைக் கூட்டினால் இன்னும் மோசம். விளக்கைக் குறைத்து, கைடார்ச்சை இடுப்பு உயரத்தில் பக்கவாட்டில் பிடியுங்கள். ஆவி மறையும், தரையில் இருக்கும் ஒவ்வொரு கல்லுக்கும் நிழல் விழும். நெற்றி விளக்கில் நிழல் கல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வதால் பள்ளமும் சமதளமும் ஒன்றுபோலத் தெரியும்.

நவம்பர் 3, மதியம் 1.15

'போன் டார்ச்சை மூன்றாவது விளக்காகச் சேர்க்கலாமா?' என்று ஒருவர். கூடாது. அதைப் பிடிக்க ஒரு கை போய்விடும், தவழ முடியாது, சேற்றுக் கையில் வழுக்கும். போனைப் பையில் பத்திரமாக வையுங்கள். வாசலுக்கு வந்த பிறகு அதற்கு வேலை இருக்கிறது.

நவம்பர் 3, இரவு 8.50

வழி தவறுவது எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். இதுதான் புதிதாகப் போகிறவர்களுக்குப் பிடிபடாத விஷயம்.

உள்ளே போகும்போது பெரிய பாதையில் நடக்கிறீர்கள். இடப்பக்கம் பின்னாலிருந்து ஒரு கிளை வந்து சேர்கிறது. அது உங்கள் முதுகுப்பக்கம் சாய்ந்திருப்பதால் கண்ணில் படவில்லை. திரும்பி வரும்போது அதே இடம் கவட்டையாக, இரண்டு சம அளவுப் பாதையாக நிற்கும். 'இங்கே பிரிவே இல்லையே' என்று உறுதியாகத் தோன்றும். போகும்போது பார்த்த குகையும் வரும்போது பார்க்கும் குகையும் வேறு வேறு.

ஆகவே 20 அடிக்கு ஒருமுறை திரும்பிப் பாருங்கள். திரும்புவது என்றால் தலையை மட்டும் திருப்புவதல்ல, நின்று, உடம்போடு திரும்பி, விளக்கை அடித்து, 'வரும்போது இது இப்படித் தெரியும்' என்று பக்கத்தில் இருப்பவரிடம் வாய்விட்டுச் சொல்வது. வாயால் சொன்னது மனதில் நிற்கும்.

அடையாளம்: துணி காயப்போடும் கிளிப்பில் ரேடியம் டேப் ஒட்டி, எண் போட்டு, 20 கிளிப் கொண்டுபோங்கள். ஒவ்வொரு பிரிவிலும் நீங்கள் வந்த பாதையின் பக்கம் வையுங்கள், போகிற பக்கம் அல்ல. இந்த விதியை வாசலிலேயே நால்வரும் ஒத்துக்கொள்ள வேண்டும். பாதி வழியில் ஒருவர் மாற்றி வைத்தால் அடையாளமே வழியைக் கெடுக்கும். 14 வைத்தால் 14 திரும்பி வர வேண்டும். ஒன்று குறைந்தால் ஏதோ ஒரு பிரிவை வேறு வழியாகக் கடந்திருக்கிறீர்கள்.

சுவரில் பெயின்ட், சாக்பீஸ், கரி எதுவும் வேண்டாம். அந்தச் சுவருக்கு மழை வந்து கழுவும் வாய்ப்பு கிடையாது. அடுத்து வருகிறவர் உங்கள் அம்புக்குறியை நம்பித் தவறான பக்கம் போகவும் கூடும்.

நவம்பர் 4, காலை 6.55

நூல் கட்டிக்கொண்டு போகலாமே என்கிறார்கள். காய்ந்த சின்னக் குகைக்குச் சரி. ஓடை ஓடும் குகையில் நூல் தண்ணீரோடு போய்ப் பாறையிடுக்கில் சிக்கும், கூர்மையான சுண்ணாம்புக்கல் விளிம்பில் அறுந்துவிடும். அறுந்த நூலின் முனை எந்தப் பக்கத்தைச் சேர்ந்தது என்று தெரியாமல் நிற்பது நூலே இல்லாமல் நிற்பதைவிட மோசம்.

நவம்பர் 4, இரவு 9.30

'ராமாயணத்தில் பிலத்துக்குள் (பாதாளக் குகைக்குள்) வழி தெரியாமல் வானரர்கள் அனுமன் வாலைப் பிடித்துக்கொண்டு போனார்கள், எங்களுக்கு வாலுக்கு எங்கே போவது?' என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அருமையான கேள்வி! அதில் நல்ல பாடமும் இருக்கிறது. வலுவானவர் ஒருவர் முன்னால் போக, மற்றவர்கள் தொட்டுக்கொண்டு போவது வானரர்களுக்குப் பொருந்தியது. நமக்கு வரிசை வேறு. அனுபவம் அதிகமுள்ளவர் கடைசியில் வர வேண்டும். முன்னால் போகிறவர் மிகவும் மெதுவானவராக இருந்தால் நல்லது, வேகம் தானாகவே அவருக்கு ஏற்ப அமையும். ஒவ்வொருவரும் தனக்குப் பின்னால் இருப்பவரின் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். தெரியவில்லை என்றால் உடனே நிற்க வேண்டும். முன்னால் இருப்பவரைப் பார்த்துக்கொண்டே நடந்தால் பின்னால் ஒருவர் காணாமல் போனது பத்து நிமிடம் கழித்துத்தான் தெரியும்.

வழி தவறிவிட்டது என்று ஒருவருக்குச் சந்தேகம் வந்தாலே நால்வரும் உட்காருங்கள். ஒரு விளக்கு தவிர மற்றதை அணையுங்கள். தண்ணீர் குடியுங்கள். பத்து நிமிடம் யாரும் நடக்கக் கூடாது. பிறகு ஒருவர் விளக்கோடு அதே இடத்தில் இருக்க, மற்றவர்கள் அவர் குரல் கேட்கும் தூரம் வரை மட்டும் ஒரு பக்கம் தேடிவிட்டு வாருங்கள். கடைசி கிளிப் எங்கே என்று கண்டுபிடிப்பதே நோக்கம், வாசலைக் கண்டுபிடிப்பது அல்ல.

நவம்பர் 5, இரவு 10.20

தண்ணீர். இதற்குக் கொஞ்சம் நீளமாகவே எழுத வேண்டும்.

சென்னையில் ஓராண்டுக்குச் சுமார் 1,400 மி.மீ. மழை. சோராவில் 11,000 மி.மீ.க்கு மேல். 1995 ஜூன் 16 அன்று அங்கே 24 மணி நேரத்தில் பதிவானது 1,563 மி.மீ. நம் ஓராண்டு மழை ஒரே நாளில். அந்தத் தண்ணீர் மண்ணில் ஊறி மெதுவாக இறங்குவதில்லை. சுண்ணாம்புக்கல்லில் விரிசல் வழியாக நேரே குகைக்குள் இறங்கும். நீங்கள் பார்க்கப்போகும் குகையை அறுத்து உண்டாக்கியதே அந்தத் தண்ணீர்தான்.

அதனால் குகைப் பருவம் நவம்பர் முதல் மார்ச் வரை. மேகாலயாவில் 1992 முதல் ஆண்டுதோறும் குகைகளை அளந்து வரைபடமாக்கும் குழுக்கள் பிப்ரவரியை ஒட்டித்தான் வருகிறார்கள். ஜனவரி நல்ல மாதம். ஆனால் ஜனவரியிலும் மழை பெய்யாது என்று யாரும் எழுதிக்கொடுக்கவில்லை. முந்தின 48 மணி நேரத்தில் பலத்த மழை பெய்திருந்தால் ஓடை ஓடும் குகைக்குள் போக வேண்டாம். வாசலில் வெயில் அடிப்பதைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மேட்டில், நீர்ப்பிடிப்பில் என்ன நிலவரம் என்பதுதான் கணக்கு.

பெயரும் உதவும். காசி மொழியில் 'க்ரெம்' என்றால் குகை, 'மாவ்' என்றால் கல், 'உம்' என்றால் தண்ணீர். பெயரில் உம் இருந்தால் தண்ணீரைப் பற்றி ஊரில் விசாரியுங்கள். உம் இல்லாவிட்டாலும் விசாரியுங்கள். மாவ்ம்லூவில் முழங்காலிலிருந்து இடுப்பு வரை தண்ணீரில் நடக்கும் இடங்கள் உண்டு, பெயரில் அது இல்லை.

உள்ளே போனதும் கண்ணைத் தரையிலிருந்து எடுத்துச் சுவரைப் பாருங்கள். தலைக்கு மேலே பாறையிடுக்கில் சருகு, சுள்ளி, பிளாஸ்டிக் கவர் சிக்கியிருக்கிறதா? காய்ந்த நுரை கூரையில் ஒட்டியிருக்கிறதா? அவ்வளவு உயரம் தண்ணீர் வந்திருக்கிறது. அந்தச் சருகு பச்சையாக, வளைத்தால் ஒடியாமல் இருந்தால் வந்து அதிக நாள் ஆகவில்லை. பாறை சேறு படியாமல் கழுவித் துடைத்தாற்போல் இருக்கும் ஒடுங்கிய இடம், வெள்ளம் வேகமாகப் பாயும் இடம். அங்கே நின்று போட்டோ எடுக்க வேண்டாம்.

தண்ணீர் ஏறப்போவதற்கு முன் சில மாற்றம் தெரியும். தெளிந்த ஓடை கலங்கும். சருகும் சுள்ளியும் மிதந்து வரும். ஓடையின் சத்தம் மாறும், காற்று திடீரென்று வீசும் அல்லது நிற்கும். இதில் ஒன்று தெரிந்தாலும் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்புங்கள். வாசல் பக்கம் ஏற்கெனவே நிறைந்துவிட்டது என்றால் நீந்தப் பார்க்காதீர்கள். சருகு படியாத உயரமான திட்டில் ஏறி, ஒட்டி உட்கார்ந்து காத்திருங்கள். 2018 ஜூன் 23 அன்று தாய்லாந்தின் தாம் லுவாங் குகைக்குள் போன 12 சிறுவர்களும் பயிற்சியாளரும் அப்படி மேட்டில் உட்கார்ந்துதான் பிழைத்தார்கள். கடைசி ஆள் வெளியே வந்தது ஜூலை 10. மீட்கப் போன முன்னாள் கடற்படை முக்குளிப்பு வீரர் ஒருவர் அங்கே உயிரிழந்தார்.

நவம்பர் 6, காலை 8.00

காற்று. சரிவாகக் கீழே இறங்கி முட்டுச்சந்தில் முடியும் பள்ளம், மழைக்காலத்தில் அடித்து வந்த இலைதழை அழுகிக் கிடக்கும் மூலை, இங்கெல்லாம் கரியமில வாயு தேங்கும். வெளிக்காற்றில் அது 0.04 சதவீதம். 1 சதவீதம் ஆனாலே மூச்சு ஆழமாகும். 3 சதவீதத்தில் தலைவலி, இரைப்பு. 10 சதவீதத்தில் சில நிமிடங்களில் நினைவு தப்பும். லைட்டர் கொளுத்திப் பாருங்கள், அணைந்தால் திரும்புங்கள்.

நவம்பர் 6, இரவு 7.45

காலையில் எழுதியதைத் திருத்துகிறேன். சுரங்கத் துறையில் வேலை செய்யும் நண்பர் ஒருவர் இங்கே சுட்டிக்காட்டியது முழுக்கச் சரி. லைட்டர் சோதிப்பது ஆக்சிஜனை, கரியமில வாயுவை அல்ல. சாதாரணக் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம். லைட்டர் சுடர் அணைவது அது 15 சதவீதத்தை ஒட்டிக் குறைந்த பிறகுதான். இலை அழுகி ஆக்சிஜனைத் தின்று கரியமில வாயுவை வெளிவிட்ட இடமாக இருந்தால், சுடர் அணையும் நேரத்தில் கரியமில வாயு 5, 6 சதவீதத்தை எட்டியிருக்கும். அது எச்சரிக்கை நேரமல்ல, எச்சரிக்கை தாண்டிய நேரம்.

ஆகவே சுடர் எரிகிறது என்பதால் காற்று நல்லது என்று பொருளில்லை. உங்கள் மூச்சைக் கவனியுங்கள். செய்கிற வேலைக்கு மிஞ்சி இரைக்கிறதா, நால்வரில் இருவருக்குத் தலை வலிக்கிறதா, காரணமில்லாமல் எரிச்சல் வருகிறதா, உடனே மேட்டுப் பக்கம் திரும்புங்கள். ஓடக் கூடாது, ஓடினால் இன்னும் இரைக்கும். அறைக்காற்றை அளக்கும் சின்ன மீட்டர்கள் பெரும்பாலும் 5,000 பிபிஎம், அதாவது 0.5 சதவீதம் வரை காட்டும். அது உச்சியைத் தொட்டு நின்றால் அதற்கு மேல் எவ்வளவு என்பது தெரியாது, திரும்ப அதுவே போதுமான காரணம்.

நவம்பர் 7, இரவு 9.10

உடை. ஜீன்ஸ், பருத்தி பனியன், லுங்கி எதுவும் வேண்டாம். குகைக்குள் வெப்பம் அந்த ஊரின் ஆண்டுச் சராசரியை ஒட்டியே இருக்கும். சோராவில் அது 20 டிகிரிக்கும் கீழ். நடக்கும்போது குளிர் தெரியாது. இடுப்பு வரை நனைந்து, கால் பிசகி, இரண்டு மணி நேரம் ஈரப் பாறையில் உட்கார்ந்தால் பருத்தி உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். பாலியெஸ்டர் டிராக் பேன்ட், முழுக்கை ஃபுட்பால் ஜெர்சி, பையில் ஒரு கம்பளி ஸ்வெட்டர் போதும்.

ஹெல்மெட் பைக் ஓட்டும் ஹெல்மெட் அல்ல. அது கனம், காதை அடைத்துவிடும், குகையில் காது அவசியம். மலையேற்ற ஹெல்மெட் உத்தமம். இல்லாவிட்டால் ஐஎஸ் 2925 முத்திரையுள்ள கட்டட வேலை ஹெல்மெட், தாடைப்பட்டியோடு. பட்டி இல்லாவிட்டால் அண்ணாந்து பார்த்த முதல் தடவையே கழன்று விழும். ஹெட்லேம்ப் பட்டையை ஹெல்மெட்டோடு நான்கு இடத்தில் கேபிள் டை போட்டு இறுக்குங்கள்.

கம்பூட் முழங்கால் வரை தண்ணீருக்குச் சரி. அதற்கு மேல் போனால் பூட்டுக்குள் தண்ணீர் நிறைந்து காலுக்கு இரண்டு மூன்று கிலோ கூடும். மாவ்ம்லூ மாதிரி இடத்துக்குத் தண்ணீர் வடியும் கேன்வாஸ் ஷூ, கம்பளி சாக்ஸ். தவழ்வதற்கு வாலிபால் விளையாடுகிறவர்கள் போடும் முட்டிக்காப்பு. கைக்கு ரப்பர் பூசிய தோட்ட வேலை உறை.

பைக்குள்: ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர், ஃபாயில் போர்வை, பெரிய கறுப்புக் குப்பைக் கவர் (தலைக்கு ஓட்டை போட்டு மாட்டிக்கொண்டால் சூடு நிற்கும்), விசில், கிரேப் பேண்டேஜ். பேட்டரியும் மருந்தும் அகன்ற வாய் பிளாஸ்டிக் ஊறுகாய் டப்பாவில். திருகு மூடி இறுக்கமாக இருந்தால் தண்ணீர் புகாது, பை விழுந்தாலும் மிதக்கும். சாப்பிடக் கடலை மிட்டாய், பேரீச்சை. கடலை மிட்டாயை டப்பா மூடிக்கு மேலே வைத்துக் கடியுங்கள். வெளிச்சம் இல்லாத அந்த இடத்தில் சிந்துகிற ஒரு துணுக்கும் பூஞ்சைக்கு உரம்.

நவம்பர் 8, மாலை 5.30

'கொடைக்கானல் குணா குகை மாதிரிதானே?' இல்லை. அதற்குப் பழைய பெயர் டெவில்ஸ் கிச்சன். அது தண்ணீர் கரைத்த சுண்ணாம்புக் குகை அல்ல, பெரும்பாறைகளுக்கு இடையிலான ஆழப் பிளவு. அங்கே ஆபத்து நடந்துபோய்த் தொலைவதில் இல்லை, மேலே வேரும் சருகும் மூடிய இடுக்கில் கால் வைத்து நேரே கீழே விழுவதில். 2006-இல் விழுந்த இளைஞர் ஒருவரை நண்பரே கயிற்றில் இறங்கித் தூக்கி வந்தார். எல்லாருக்கும் அந்த முடிவு கிடைக்கவில்லை. உள்ளே போகத் தடை இருக்கிறது, வேலிக்கு வெளியே நின்று பாருங்கள்.

இடுக்கு என்றதும் ஒன்று. தலைகுப்புற எந்தச் சரிவிலும் நுழையாதீர்கள். அமெரிக்காவின் யூட்டாவில் நட்டி புட்டி குகையில் 2009 நவம்பரில் ஒருவர் தலைகீழாகச் சிக்கி, ஒரு நாளுக்கும் மேல் போராடியும் மீட்க முடியாமல் இறந்தார். குகையையே மூடிவிட்டார்கள். கீழ்நோக்கிய சந்து என்றால் கால் முதலில். மூச்சை வெளியே விட்டால்தான் நுழைய முடிகிறது என்றால் அது உங்களுக்கான வழி அல்ல. திரும்ப வெளியேற மூச்சை இழுக்க வேண்டிவரும்.

நவம்பர் 9, இரவு 8.15

வெளியே இருக்கும் ஆள். முதல் நாள் சொல்லிவைத்தது.

ஒரு தாளில் எழுதுங்கள்: குகையின் பெயர், வாசல் இருக்கும் இடம் (ஜிபிஎஸ் எண்ணோடு), எந்த வாசல் வழியாக நுழைகிறீர்கள், நால்வரின் பெயர், வயது, மருந்து ஏதும் எடுப்பவரா, கார் எண், கார் நிற்கும் இடம். பிறகு மூன்று நேரம். திரும்பத் தொடங்கும் நேரம் 11.30. வெளியே வரும் நேரம் 2. தேட ஆள் கூப்பிடும் நேரம் 4. இந்த 4 மணி கல்லில் எழுதியது. 'இன்னும் அரை மணி பார்ப்போம்' என்று அவர் தயங்கக் கூடாது. நீங்களும் 2 மணிக்கு வெளியே வந்ததும் வேறு எதையும் செய்வதற்கு முன் அவரிடம் சொல்ல வேண்டும்.

இந்தத் தாளை வீட்டில் நம்பிக்கையான ஒருவரிடம் கொடுங்கள். 4 மணிக்கு அவர் 112-ஐ அழைக்கட்டும்.

நவம்பர் 11, காலை 6.40

முந்தின குறிப்பின் கடைசிப் பத்தி தவறு, அதை நம்பிப் போக வேண்டாம்.

112-ஐ எந்த மாநிலத்திலிருந்து கூப்பிடுகிறோமோ அந்த மாநிலக் கட்டுப்பாட்டறைக்குத்தான் பொதுவாக அழைப்பு போகும். சென்னையிலிருந்து அப்பா கூப்பிட்டால் எடுப்பது தமிழ்நாட்டில். அங்கிருந்து சுற்றி மேகாலயா போய்ச் சேர்வதற்குள் இருட்டிவிடும். ஆகவே வெளியே இருக்கும் ஆள் அந்த ஊரில் இருக்க வேண்டும். நீங்கள் தங்கும் வீட்டுக்காரர் ஒத்துக்கொண்டால் அவர். வீட்டில் இருப்பவரிடம் நகல் இருக்கட்டும், கூடவே அந்த மாவட்டக் காவல் கட்டுப்பாட்டறையின் நேரடி எண்ணும் எழுதிக்கொடுங்கள்.

நவம்பர் 12, இரவு 9.00

அனுமதி. மேகாலயாவில் நிலம் பெரும்பாலும் ஊருக்கோ குலத்துக்கோ சொந்தம், அரசாங்கத்துக்கு அல்ல. குகையும் அந்த நிலத்தோடு சேர்ந்தது. ஊர்த் தலைவரைக் காசி மலைப்பக்கம் ரங்பா ஷ்னோங் என்பார்கள். முந்தின நாளே அவரைப் பார்த்து, எங்கே, எத்தனை பேர், எப்போது வருவோம் என்று சொல்லிக் கேளுங்கள். 'எங்கள் ஆள் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்' என்று அவர் சொன்னால் அதோடு பேச்சு முடிந்தது, கூட்டிக்கொண்டு போங்கள், கேட்ட பணத்தைக் கொடுங்கள். அவர்கள் வீட்டுக்குள் போகிறோம்.

ஜைந்தியா பக்கம் இன்னொரு காரணமும் உண்டு. அங்கே எலிவளை (ஆள் ஊர்ந்து போகும் அளவு ஒடுங்கிய) நிலக்கரிச் சுரங்கங்கள் நிறைய. கைவிட்ட குழிக்கும் குகை வாசலுக்கும் வெளியூர்க் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. 2018 டிசம்பரில் க்சான் பகுதியில் அப்படியொரு சுரங்கத்தில் வெள்ளம் புகுந்து 15 தொழிலாளர்கள் சிக்கிக்கொண்டார்கள். ஊர்க்காரர் காட்டாத எந்தத் துளைக்குள்ளும் அங்கே தலை நீட்டக் கூடாது.

நவம்பர் 14, இரவு 10.10

வௌவால். குளிர்காலத்தில் அவை மந்தமாக, சக்தியைச் சேமித்துத் தொங்கிக்கொண்டிருக்கும். வெளிச்சம் அடித்து எழுப்பினால் அந்தச் சேமிப்பு வீணாகும். விளக்கைத் தாழ்த்தி, பேசாமல் கடந்துபோங்கள். எச்சம் காய்ந்து தூளாகக் கிடக்கும் இடத்தில் தூசி கிளப்பினால் ஹிஸ்டோபிளாஸ்மா என்ற பூஞ்சை நுரையீரலுக்குள் போகலாம். என்95 மாஸ்க் அதைக் குறைக்கும், முழுக்கத் தடுக்காது. போய்வந்து 3 முதல் 17 நாளுக்குள் காய்ச்சல், இருமல் வந்தால் 'வௌவால் குகைக்குப் போனேன்' என்று டாக்டரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவர் அந்தப் பக்கம் யோசிக்கக் காரணமே இல்லை. கடி, கீறல் பட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே ரேபிஸ் (வெறிநோய்) தடுப்பூசிக்குப் போங்கள்.

கேள்வி கேட்டவர், நவம்பர் 16, இரவு 7.20

நாலாவது ஆள் கிடைத்துவிட்டார். மாவ்ம்லூ நேராகப் போகலாமா? காலை 11 மணிக்கு நுழைந்து 4 மணிக்கு வெளியே வருவதாக எண்ணம்.

நவம்பர் 16, இரவு 9.55

நேராக வேண்டாம். முதல் நாள் நீங்கள் வேண்டாம் என்ற மாவ்ஸ்மாய்க்கே போங்கள். 150 மீட்டர்தான் நடக்க முடியும், லைட் எரியும். ஹெல்மெட் எவ்வளவு தடவை இடிக்கிறது, ஷூ எங்கே வழுக்குகிறது, நால்வரில் யாருக்கு ஒடுக்கத்தில் நெஞ்சு படபடக்கிறது என்பதெல்லாம் அங்கேயே தெரிந்துவிடும். படபடப்பு வருகிறவரை மறுநாள் வற்புறுத்தக் கூடாது. அவரே வெளியே இருக்கும் ஆளாகலாம். அப்போது உள்ளே மூன்று பேர் ஆகிவிடுவீர்கள், கைடு எடுத்துக்கொள்ளுங்கள்.

மாவ்ம்லூ 7 கிலோமீட்டருக்கும் மேல் நீளம். 4,200 ஆண்டுக்கு முந்தின பெரும் வறட்சியின் தடம் அங்கே வளர்ந்த ஒரு சுண்ணாம்புப் படிவில் பதிவாகியிருக்கிறது. 2018-இல் புவியியலாளர்கள் நாம் வாழும் காலப்பகுதிக்கே 'மேகாலயன்' என்று பெயர் வைத்தது அதை வைத்துத்தான். எந்தப் படிவையும் தொடாதீர்கள். முதல் தடவை ஒரு கைடோடு போய், அவர் திரும்பும் இடம் வரை வழியைக் குறிப்பெடுங்கள். அதே வழியில், அதே தூரம் வரை, இரண்டாம் தடவை நீங்களாகப் போகலாம். கைடில்லாமல் பாதுகாப்பாகப் போவதற்கு எனக்குத் தெரிந்த ஒரே முறை இதுதான். புதுக் கிளைக்குள் நுழைவது அந்தக் கணக்கில் சேராது.

நேரத்தை மாற்றுங்கள். 9.30-க்கு நுழைந்து 11.30-க்கு எங்கே இருந்தாலும் திரும்ப வேண்டும். நீங்கள் சொன்ன 4 மணி, ஆளைத் தேடக் கூப்பிடும் நேரம்.

நவம்பர் 17, காலை 6.30

கயிறு பற்றி ஒரு வார்த்தை. முழுக்க வேண்டாம் என்றது கொஞ்சம் அதிகம். கயிறில்லாமலே ஏறி இறங்கக்கூடிய சேற்றுச் சரிவில், காயம்பட்ட ஒருவர் பிடித்துக்கொண்டு ஏற 10 மீட்டர் மலையேற்றக் கயிறு ஒன்று இருக்கலாம். அடி அடியாக முடிச்சுப் போட்டு வையுங்கள். தொங்குவதற்கு அல்ல, பிடிப்பதற்கு.

நவம்பர் 17, காலை 6.45

கார் சாவியை உள்ளே கொண்டுபோகாதீர்கள். சாவி யார் பையில் இருக்கிறதோ அவரே கால் முறிந்து உள்ளே கிடந்தால், வெளியே ஓடிவந்த இருவரும் பூட்டிய காரின் பக்கத்தில் நிற்பார்கள். தங்கும் வீட்டுக்காரரிடம் ஒரு சாவி, வாசலுக்கு வெளியே நால்வருக்கும் தெரிந்த ஒரு கல்லுக்கு அடியில் இன்னொன்று.